பாகம் நூற்று நாற்பத்தேழு

தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே
அங்கன்வாடியைச் சாத்திவிட்டு
இந்தத் தெருக்களுக்கு வந்துவிடுவேன்.
கையில் பட்டியலின் தமிழ்ப் பிரதி,
தலைக்கு மேல் சித்தூர் வெயில்.
நாய்களுக்கெல்லாம் என்னைத் தெரியும்.

ஜெயித்தவர்கள் பெயர்
பெரிய ஆபீஸ் பலகையில் இருக்கிறது,
வெள்ளைப் பெயிண்டில், வருஷத்தோடு.
என்னிடம் இருப்பது மற்றவர்கள்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.

ரயில்கேட் சந்து, எழிலரசி.
தெலுங்குக் கம்ப்யூட்டருக்கு ழ வராது,
எலிலரசி என்று அடித்து அனுப்பிவிட்டது.
"எலியா இருந்தே
மூணு எம்.பி.யை டில்லிக்கு அனுப்பிட்டேன் மேடம்.
ஒருத்தராவது திரும்பி வந்து
வளையைப் பார்த்தாங்களா?"
படிவம் எட்டு கொடுத்தேன்.
இது அவருடைய நாலாவது எட்டு.

பக்கத்து வீடு கஜேந்திரன், மாங்கூழ் ஃபேக்டரி.
குடியாத்தத்தில் ஒரு ஓட்டு, இங்கே ஒன்று.
அங்கே ஏப்ரல், இங்கே மே.
நடுவில் பப்பாளிப் பால், எலுமிச்சை,
ஒருமுறை பேட்டரி ஆசிட்.
விரல் வெந்ததே தவிர
மை அப்படியே இருந்தது.
"ரெண்டு ஊர்லயும் தண்ணி வரலை,
ரெண்டு ஊர்லயும் கேக்க வேணாமா?"
படிவம் ஏழை நீட்டினேன்.
மோர் கொடுத்தார். கையெழுத்து கொடுக்கவில்லை.

வரிசை எண் அறுநூற்று மூன்று
சையத் மஸ்தான், இறந்தவர், நீக்கப்பட்டது.
ஃபேன் மோட்டாரைப் பிரித்துவைத்து
காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.
"எப்போ போனேன்?"
போன எலெக்‌ஷனுக்கு முன்னாடி.
"அதுக்கு முந்தி வரைக்கும் இருந்தேனா?"
இருந்தீங்க.
"யாருக்குப் போட்டேன்னு எழுதியிருக்கா?"
அது எழுதறதில்லை பாய்.
"நல்லது" என்று மறுபடி கம்பியை எடுத்தார்.

தாலுகா ஆபீஸ் பின்னறையில்
முதல் தேர்தலின் பட்டியல் கிடக்கிறது.
கரையான் கொஞ்சம் ஓட்டுப் போட்டிருக்கிறது.
மேலே மதராஸ் ராஜ்யம் என்று தலைப்பு.
கீழே இதே தெருக்கள்.
துரைசாமி நாயுடு பெண்சாதி.
கன்னியப்பன் தாயார்.
முனிரத்தினம் தங்கை.
சொந்தப் பெயரைச் சொல்லமாட்டோம் என்றவர்கள்மேல்
ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு.
பக்கம் பக்கமாகக் கோடு.

கோடு படாமல் ஒருத்தி:
எத்திராஜம்மாள், இருபத்தொன்று.
கணவர் அல்லது தந்தை என்ற இடத்தில்
ஒரு சின்னப் படுக்கைக் கோடு, அவ்வளவுதான்.
எழுதவந்தவன் கேட்டிருப்பான்.
என்ன சொன்னாளோ,
அவன் பேனா அப்படி நகர்ந்திருக்கிறது.

அடுத்த பட்டியலில் தலைப்பு ஆந்திரா.
யாரும் வீடு மாறவில்லை,
ராஜ்யம்தான் மாறியிருந்தது.
எதிராஜம்மா என்று ஒற்று குறைந்து
அதே கதவு எண், அதே சின்னக் கோடு.
அதற்கடுத்ததில் இல்லை.
இறந்தவர் என்றும் இல்லை,
இடம் பெயர்ந்தவர் என்றும் இல்லை.
தெருவில் கேட்டேன், பழைய ஆட்களைத் தேடிக் கேட்டேன்.
அந்தக் கதவு எண்ணில் இப்போது
செல்போன் டவர்.

நேற்று சுண்ணாம்புத் தெரு மாடியறையில் புதிதாக ஒருத்தி.
பெயர் ஷைலஜா, பைபாஸில் நர்ஸ்.
உறவினர் பெயர்?
"யாரும் இல்லைன்னு போடுங்க."
போனில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
சிவப்பு நட்சத்திரம் எரிந்தது.
வெறுமையாக விட்டேன், நட்சத்திரம்.
மறுபடி கோடு.
அவள் டியூட்டிக்குக் கிளம்பவேண்டும்,
எனக்கு இன்னும் முப்பது வீடு.
படிக்கட்டில் நின்றோம் இருவரும்,
வேலூர் பஸ் ஹாரன் அடித்துப் போனது,
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது திரையில்.